பி.பி.ஆர். பிளாக்கைப் பற்றிக் குறும்படம் எடுக்கப் போகும் ஐந்து பேருக்கு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். கோலாலம்பூரில் ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடியில் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு கட்டிய வீடுகள்) வளர்ந்த ஐந்து பேர் நீங்கள், எல்லாருக்கும் 18 முதல் 21 வயது. கோவிட் முடக்கத்தின்போதும் அதற்குப் பிறகும் உங்கள் பிளாக் மக்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிப் பிடித்தார்கள் என்பதைப் பத்து நிமிடக் குறும்படமாக எடுக்க ஆசை. கையில் இருப்பது கைப்பேசி மட்டும். ஆட்களை நடிக்க வைப்பதா, உள்ளதை உள்ளபடி எடுப்பதா, அனுமதி வாங்க வேண்டுமா, போட்டிக்கு அனுப்பலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "எங்க ஆளுங்கள பாவமாவும் காட்டக் கூடாது, சும்மா ஆஹா ஓஹோன்னும் காட்டக் கூடாது." என்னைப் பொறுத்தவரை கேள்வியே அந்த வரிதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற வேலை.

நான் இங்கே தமிழ் ஆவணப்படங்களுக்குப் பல வருடமாக எடிட்டிங் செய்கிறவன், வார இறுதிகளில் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பட்டறையும் நடத்துகிறேன். அதனால் ஒலி, வெட்டு, நேர்காணல் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் வழக்கறிஞர் இல்லை. அந்த இடம் வரும்போது எது எழுத்தில் இருக்கிறது, எது என் கணிப்பு என்று பிரித்துச் சொல்கிறேன்.

இந்த மாதிரித் தலைப்பில் இளைஞர்கள் கொண்டுவருகிற படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. ட்ரோனில் பிளாக், பின்னால் பியானோ, காரிடாரில் ஸ்லோமோஷனில் ஓடும் பையன், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஓர் ஆன்ட்டி, கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வீர வசனம். படம் முடிந்ததும் பார்த்தவர்களிடம், அந்த ஆன்ட்டி என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. அழுதார் என்பது மட்டும் தெரியும். பாவமாகக் காட்டுவதும் ஆஹா ஓஹோ என்று காட்டுவதும் எதிரெதிர் என்று நினைக்கிறோம், இல்லை, இரண்டும் ஒரே சோம்பேறித்தனம். இரண்டிலுமே அந்த மனிதர் செய்த வேலை காணாமல் போகிறது. ஆகவே என் பதிலைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உணர்ச்சியைத் துரத்தாதீர்கள், வேலையைப் படம் பிடியுங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்தப் பாத்திரத்தில், யார் காசில், எந்தப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது தெரிந்தால் உணர்ச்சி தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியது ஞாபகம் இருக்கும், முழு முடக்கத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் வந்து உதவுவார்கள் என்று. பட்டறைக்கு வந்த ஒரு பெண் அதைப் பற்றித்தான் படம் எடுக்கப் போகிறேன் என்று வந்தாள். கொடிகளைக் காட்டுகிற ஷாட்டுகள் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அவள் பிளாக்கில் உதவியை ஒருங்கிணைத்த அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் அந்த அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ரூலர் வைத்துக் கோடு போட்டு மாடி, வீட்டு எண், எத்தனை பேர், அரிசி, பால் மாவு, மருந்து என்று பத்தி பிரித்திருந்தார். கொடுத்து முடித்த வீட்டுக்குப் பென்சில் டிக். சில வரிகளுக்கு எதிரே மட்டும் "இருட்டினதும்" என்று எழுதியிருந்தது. அது என்னவென்று கேட்டால், அந்த வீட்டுக்காரர்கள் கொடி கட்ட மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள், யாராவது பார்க்கும்போது கொண்டுபோனால் வாங்கவும் மாட்டார்கள், அதனால் ராத்திரி கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்துவிடுவோம் என்றார். அந்தப் பெண் எழுதி வைத்த ஷாட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த நோட்டை மட்டும் வைத்துப் படம் எடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை அதில். ஒரு வார்த்தைக்குள் அந்த மக்களின் மானம், பசி, அந்த அக்காவின் சூதானம் எல்லாம் வந்துவிட்டது.

உங்கள் பிளாக்கிலும் இப்படி ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். அண்டாவாக இருக்கலாம், வாட்ஸ்அப் குழுவின் பழைய குரல்பதிவாக இருக்கலாம், லிஃப்ட் ஓடாத நாளில் முதியவர்களை இறக்கப் பயன்பட்ட பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வரை கேமராவை எடுக்க வேண்டாம். கண்டுபிடிக்க ஒரே வழி, போய் உட்கார்ந்து பேசுவது. ஒருவரைப் பார்த்தால் அவர் இன்னொருவர் பெயரைச் சொல்வார். பெரும்பாலும் மேடையில் மாலை வாங்கியவர் ஒருவராகவும் வேலை செய்தவர் இன்னொருவராகவும் இருப்பார், அந்த இரண்டாவது ஆளைத்தான் தேட வேண்டும்.

கேள்வி கேட்கும் விதம் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் படம் இங்கேதான் உருவாகிறது அல்லது கெடுகிறது. "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால், தொலைக்காட்சியில் எல்லாரும் சொல்கிற பதிலே வரும், "ரொம்பக் கஷ்டமா இருந்திச்சு" என்று. அதற்கு மேல் அவரால் போக முடியாது, குற்றம் அவர்மேல் இல்லை. "அன்றைக்குக் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியது. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 610 கோடி ரிங்கிட் அளவுக்கு இழப்பு என்று புள்ளியியல் துறை மதிப்பிட்டது. இந்த எண்களைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அங்கே இருந்த ஒருவரிடம், முதலில் எதை மேலே தூக்கி வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சாமிப்படம் என்பார், ஒருவர் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் என்பார், ஒருவர் ஃபிரிட்ஜைத் தூக்கிச் சோபாமேல் வைத்தேன், அப்புறம் சோபாவே மிதந்தது என்று சிரிப்பார். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கையை எடுங்கள். படகு யாரிடம் இருந்தது, எத்தனை வீட்டுக்குப் போனது, யாரை முதலில் ஏற்றுவது என்று யார் முடிவு செய்தது என்று கேட்டுக்கொண்டே போனால், வெளியிலிருந்து உதவி வருவதற்குள் ஒரு தெரு தன்னைத் தானே எப்படி நடத்திக்கொண்டது என்பது படிப்படியாக விரியும். பேசி முடித்ததும் கேமராவை உடனே நிறுத்தாதீர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். நல்ல வரிகளில் பல, "சரி, அவ்வளவுதான்" என்று அவர்கள் சொன்ன பிறகு வந்தவை.

இன்னொன்று, இதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வரலாம். மக்கள் தாங்கிப் பிடித்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வி விழுங்கப்பட்டுவிடும். "நம்ம மக்கள் எதையும் தாங்குவாங்க" என்பது யாருக்கு வசதியான வசனம் என்று யோசித்துப் பாருங்கள். லிஃப்டைப் பழுதுபார்க்காதவர்களுக்கு வசதி. மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் குறை சொல்லலாமா என்று கேட்கிறவர்களுக்கும் வசதி. கோவிட்டுக்கு முன்பே, 2018-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூர் வட்டாரத்தின் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னது. இரட்டைக் கோபுரம் தெரிகிற தூரத்தில் இது. முடக்கம் வந்துதான் பசி வந்தது என்று உங்கள் படம் நினைக்க வைத்தால் அது உண்மைக்குக் குறைவு. இதற்காக அரசாங்கத்தைத் திட்டி ஒரு பின்னணிக் குரல் போடச் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். அந்த அக்கா நோட்டைத் திறக்கிற காட்சிக்கு முன்னால், அவர் முதலில் எந்த அலுவலகத்துக்குப் போன் போட்டார், என்ன பதில் வந்தது என்பதை அவர் வாயாலேயே ஒரு வரி சொல்ல வைத்தால் போதும்.

பேரிடர்தான் வேண்டும் என்றும் இல்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் புக்கிட் கியாரா நீண்ட வீடுகளைப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தற்காலிகம் என்று சொல்லி 1980-களில் குடிவைக்கப்பட்ட தோட்டக் குடும்பங்களின் வீடுகள் அவை. அந்தத் தற்காலிகம் நாற்பது வருடம் தாண்டிவிட்டது. அவர்களுக்கான வீடுகளையும் சேர்த்துப் போட்ட மேம்பாட்டுத் திட்டம், பக்கத்துப் பூங்காவை எடுக்கிறது என்று தாமான் துன் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் அந்த அனுமதி ரத்தானது. பூங்காவைக் காப்பாற்றியவர்கள் பக்கமும் நியாயம், வீடு கேட்டவர்கள் பக்கமும் நியாயம். இப்படி இரண்டு நியாயம் மோதுகிற இடத்தில் எடுத்தால் படத்துக்கு முதுகெலும்பு வரும். உங்களில் ஒருவர் பினாங்கில் படிப்பதாகச் சொன்னீர்கள். ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய கடைவீடுகளிலிருந்து வெளியேற வேண்டி வந்த குடும்பங்களை அவர் விசாரித்துப் பார்க்கலாம். எட்டே வருடத்தில், 2008-இல், அந்த நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, வெளியேறியவர்கள் தைப்பூசத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிறார்கள். அது தனிப் படம், இப்போதைக்கு விடுங்கள்.

நடிக்க வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்கலாம், ஆனால் சொல்லிவிட்டு வையுங்கள். அந்த அக்கா இன்று மறுபடியும் நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறிக் காட்டுகிறார் என்றால் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். 2021-இல் எடுத்தது போல முகக்கவசம் மாட்டிவிட்டுக் காட்டினால், பிடிபடும் அன்றைக்குப் படம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முழுக் கற்பனையாக, கதாபாத்திரம் வைத்து எடுப்பது தவறே இல்லை. ஆனால் முதல் படத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நடிப்பு சொல்லிக்கொடுப்பது ஒரு தனித் தொழில், வசனம் எழுதுவது இன்னொரு தொழில், நண்பர்களை நிற்க வைத்துப் பேச வைத்தால் பள்ளி ஆண்டு விழா நாடகம் போல ஆகிவிடும். இது என் ரசனை, இதற்கு மாறாகச் செய்து ஜெயித்தவர்களும் உண்டு.

இனி சொல்லப்போவதை ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒரு சமூகம் தப்பிப் பிழைக்கச் செய்கிற காரியங்களில் பாதி, சட்டத்தின் ஓரத்தில் நடப்பவை. அக்காமார் சேர்ந்து கூட்டு (சீட்டு) கட்டித்தான் அந்த வருடம் பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் சமாளித்தார்கள் என்பது அருமையான காட்சி. ஆனால் கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. நட்புக்காகச் சேர்ந்ததா தொழிலா என்று பின்னால் ஒருவர் கேட்டால், உங்கள் படம்தான் கையில் இருக்கும் ஆதாரம். லைசன்ஸ் இல்லாமல் நாசி லெமாக் விற்றவர், வேறொருவர் பெயரில் உள்ள வீட்டில் குடியிருப்பவர், சிவப்பு ஐ.சி.யோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) அல்லது எந்தப் பத்திரமும் இல்லாமல் இருப்பவர், இவர்கள் முகமும் கதவு எண்ணும் ஒரே ஃபிரேமில் வந்தால் நீங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போட்டிக்குப் போவீர்கள், அவருக்கு நோட்டீஸ் வரும். கதவு எண், மோட்டார் சைக்கிள் நம்பர், பள்ளிச் சீருடைச் சின்னம், மருந்துச் சீட்டு, இவற்றை எடிட்டிங்கில் மங்கலாக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், எடுக்கும்போதே தவிர்த்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தொடவே வேண்டாம். வழக்கு, காவல், காப்பகம் என்று எதிலாவது சம்பந்தப்பட்ட பிள்ளை என்றால், அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை 2001 குழந்தைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுக்கிறது, பெற்றோர் சரி என்றாலும் எடுக்காதீர்கள். பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குவது நல்லதுதான், அதைவிட நல்லது கேமராவைப் பார்த்து அவர்களே "என் பேரு இது, இந்தப் படத்துல வர சம்மதம்" என்று சொல்வது. அப்புறம் ஒரு தேதி கொடுங்கள், அதற்குள் மனம் மாறினால் உங்கள் பகுதியை நீக்கிவிடுகிறோம் என்று. நீக்கச் சொன்னால் நிஜமாகவே நீக்கிவிடுங்கள்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1967-இல் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஃபோகோ என்ற தீவில், மீன்பிடி படுத்துவிட்டது, அரசு மக்களை வேறு ஊர்களுக்குக் கிளப்பப் பார்த்தது. தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்ற இயக்குநர் அங்கே போய் இருபதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார். பேசியவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார், வேண்டாம் என்று சொன்ன பகுதியை நீக்கினார், அப்புறம் தீவின் வேறு வேறு கிராமங்களில் திரையிட்டார். ஒரே தீவில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள், பக்கத்துக் கிராமத்தான் சொல்வதும் நம் கதைதானே என்று பார்த்தார்கள். படங்கள் அரசாங்கத்திடமும் போயின, மீன்வளத்துறை அமைச்சரின் பதிலையும் படமாக்கித் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மக்கள் கூட்டுறவு அமைத்தார்கள், தீவு காலியாகவில்லை. படம்தான் தீவைக் காப்பாற்றியது என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஏனென்றால் கேமரா போவதற்கு முன்பே அங்கே மக்கள் குழு ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் படத்தில் பேசியவர்களுக்கே முதலில் காட்டுவது என்ற பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிளாக்கின் கீழ்த்தள மண்டபத்தில், இறுதி வெட்டுக்கு முன்னால், ஒரு சாயந்திரம் போட்டுக் காட்டுங்கள். தப்பான மாடி எண், தப்பான பெயர், "அரிசி குடுத்தது நான் இல்ல, மலாய்க்கார மக்சிக், எட்டாவது மாடி" என்கிற திருத்தம், எல்லாம் அங்கே வரும். அந்த மக்சிக்கையும் (மலாயில் ஆன்ட்டி) போய் எடுங்கள். தமிழர்கள் மட்டும் தாங்கிக்கொண்ட பிளாக் எதையும் நான் பார்த்ததில்லை.

தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். கைப்பேசிப் படம் போதும், கைப்பேசி ஒலி போதாது. கையில் நூறு வெள்ளி இருந்தால் முழுவதையும் சட்டையில் குத்துகிற மைக்குக்குப் போடுங்கள். பி.பி.ஆர். காரிடாரில் எதிரொலி அதிகம், நேர்காணலைத் துணிமணி நிறைந்த படுக்கையறையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜையும். திரும்ப ஆன் செய்ய மறக்காமலிருக்க உங்கள் மோட்டார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போக சாவி வேண்டுமே. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், வெட்டுகளை ஒட்டும்போது என்னை வாழ்த்துவீர்கள். கைப்பேசி விமான நிலையில் (ஃபிளைட் மோட்) இருக்கட்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 30 ஃபிரேமில் எடுத்தால் குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்க வாய்ப்புண்டு. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஐபோனில் 25 ஃபிரேம் தெரியவில்லை என்றால் கேமரா அமைப்புகளில் பால் (PAL) வடிவங்களைக் காட்டும்படி மாற்ற வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் இவை எல்லாவற்றையும் பூட்டி வைக்கலாம். ஆளை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் நம் நிறத்துக்கு முகம் இருண்டுவிடும், ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டு முகத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டுங்கள். எடிட்டிங்குக்குக் கணினி கிடைத்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். ட்ரோன் வேண்டாம்.

பேச்சு மொழி பற்றி யாரும் கவலைப்படாதீர்கள். நம் ஆட்கள் மலாய் கலந்து பேசினால் கலந்தே இருக்கட்டும், "செந்தமிழில் சொல்லுங்கள் ஆன்ட்டி" என்று சொன்ன அந்த நிமிடமே அவர் மேடைக்கு ஏறிவிடுவார். ஆனால் மலாயில் வசனவரி கட்டாயம் போடுங்கள், மக்சிக்கும் பார்க்க வேண்டும், டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகராட்சி) அதிகாரியும் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்தைத் திரையில் போடும்போது சில மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி விழும், ஏற்றுமதி செய்த பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். 1987 பதிப்புரிமைச் சட்டம் ஒரு பக்கம், யூடியூப் தானாகவே பிடித்துவிடும் என்பது இன்னொரு பக்கம், போட்டிக்காரர்களும் பாட்டுரிமைக் கடிதம் கேட்பார்கள். பின்னணியில் யார் வீட்டு வானொலியோ பாடினால் அந்த டேக்கையும் மறுபடி எடுங்கள்.

அனுமதி. எழுத்தில் உள்ளது இது: 1981-ஆம் ஆண்டு ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) சட்டப்படி படம் தயாரிக்க, விநியோகிக்க, திரையிட உரிமம் வேண்டும், படப்பிடிப்புக்குத் தனிச் சான்றிதழும் உண்டு. 2020 ஜூலையில் சமூக ஊடகத்துக்கு எடுக்கிற காணொளிக்கும் இது பொருந்தும் என்ற மாதிரி அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லி, ஊரே கொதித்ததும், தனிப்பட்ட முறையில் போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம் என்று விளக்கம் வந்தது. சொந்த பிளாக்கில் கைப்பேசியோடு ஐந்து பிள்ளைகள் எடுப்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை என்பது நான் பார்த்த நடைமுறை, அது சட்டப் பாதுகாப்பு ஆகாது. குடியிருப்பாளர் சங்கத்திடமும் கட்டட அலுவலகத்திடமும் ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள், காவலாளி கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்குள் எடுப்பதானால் முன்கூட்டியே தனி அனுமதி. திரையிடல்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம் படத்தைத் திரையிடுவதற்குத் தணிக்கை வாரிய ஒப்புதல் கேட்கிறது. இலங்கைப் போரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை 2013-இல் கோலாலம்பூரில் தணிக்கையில்லாமல் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமைச் செயல்பாட்டாளர் மீது வழக்குப் போட்டு, 2017-இல் 10,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். உங்கள் படம் அந்த வகை இல்லை, கீழ்த்தள மண்டபத்தில் படத்தில் வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் பார்ப்பது சிக்கலாகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டிக்கெட், போஸ்டர், வெளியாட்கள் என்று போனால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

போட்டிக்கு அனுப்புங்கள், ஆனால் போட்டிக்காக எடுக்காதீர்கள். சமூகப் படங்களுக்கு இங்கே ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் 2003-லிருந்து நடக்கிறது, முதல் படம் எடுக்கிறவர்களுக்கு நிதியும் வழிகாட்டலும் கொடுத்திருக்கிறார்கள். முடிந்த படத்தைக் கொண்டுபோவதைவிட யோசனை நிலையிலேயே அவர்களை அணுகுவது புத்திசாலித்தனம், விதிமுறைகளை அந்தந்த வருடம் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் ஆதரிக்கிற போட்டிகள் சிலவற்றில் "நம்பிக்கையூட்டும் முடிவு" கேட்பார்கள். அதற்காக லிஃப்ட் ஓடாத கதையில் லிஃப்ட் ஓடுகிற மாதிரி முடிக்காதீர்கள். படத்தால் ஏதாவது மாறுமா என்றால், லிஃப்ட் சரியாகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒருவரையொருவர் முகம் மட்டும் தெரிந்திருந்த ஆட்கள் பெயர் தெரிந்துகொள்கிறார்கள், அடுத்த முறை வெள்ளமோ முடக்கமோ வந்தால் யார் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. படத்துக்கும் அதற்கும் எவ்வளவு சம்பந்தம் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

கடைசியாக, பத்து நிமிடம் வேண்டாம், ஆறு போதும். ஒரு பொருள், இரண்டு ஆட்கள், ஆறு நிமிடம். ஐந்து பேரும் இயக்குநர் என்று போட்டுக்கொள்ளாதீர்கள், முதல் சண்டை அங்கேதான் வரும். ஒருவர் ஒலியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், அவர் "மறுபடி" என்றால் மற்ற நாலு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. எடுத்த அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் போட்டு வையுங்கள். எந்த மாடல் கைப்பேசி, பிளாக்கில் யாரைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், மைக் எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஆளின் பெயரை மட்டும் இங்கே போட வேண்டாம்.